ராக்காயி அத்தையின் சயாம்

செம்பை இறக்கி வைத்ததும் ராக்காயி அத்தை இடது காலை ஒரு சாண் முன்னால் வைப்பாள். அந்தக் கால் முன்னால் வந்துவிட்டால், பால் வாங்க வந்த பெண் அடுப்பை மறந்துவிட வேண்டியதுதான். நேற்று அரசாங்கத்துக்கு எந்த இடத்தில் புத்தி பிசகியது, அதற்குப் பதில் என்ன செய்திருக்க வேண்டும், உப்பு விலை ஏறுமா இறங்குமா, கையில் இருக்கிற நோட்டை எதில் போட்டால் தப்பிக்கலாம் என்று எல்லாம் வரும். முடித்துவிட்டு, "நான் சொல்றதச் சொல்லிட்டேன், அப்புறம் ஒம்பாடு" என்று காலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். அடுத்த வீட்டு வாசலில் அதே கால் மறுபடி முன்னால் வரும்.

கெடாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில், நாங்கள் வாய்க்கால் தோட்டம் என்று சொல்லும் தோட்டத்தில், மூன்றாவது லயத்தில், அந்த வரிசையின் கடைசி வீடு அவளுடையது. அவள் அப்பாவும் என் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். ஒரே கப்பலில் வந்து ஒரே தோட்டத்தில் காடு வெட்டியவர்கள். ஆக என் அப்பாவுக்குத் தங்கை, எனக்கு அத்தை. அவள் புருஷன் இருளப்பன் மாமா, என் அம்மா வழியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பெரியப்பா ஆகிறார். அந்த வழியை எடுத்தால் அவர்கள் கல்யாணமே முறை தப்பிவிடும் என்பதால் யாரும் எடுப்பதில்லை. நான் வாழ்க்கைப்பட்டு அதே லயத்துக்கு வந்தபோது ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரப்பர்ப் பால்மரம் சீவுகிற வேலை நின்று, மரத்துக்கு நடுவே மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். பிள்ளை இல்லை. காது இரண்டும் வளர்ந்து தோளைத் தொடும், ஆனால் அதில் ஒன்றும் இருக்காது. தண்டட்டியை விற்று முதல் பசுவை வாங்கியவள் அவள். அந்தக் காலத்தில் லயமே அதைப் பழித்ததாம். "காதுல தொங்குறது கன்னு போடுமா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்திருக்கிறாள். ஜப்பான் காலத்தில் நான்கு மாடுகள் நின்றன. பழித்தவர்கள் பாத்திரத்தோடு நின்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பெர்னார்ட்தான் அவளுக்குப் பத்திரிகை. ஜப்பான்காரன் மேற்பார்வையில் வரும் தாளை அவர் படிக்கப் படிக்க இவள் நடுவில் நிறுத்துவாள். இதை எழுதினவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்பாள். அரசாங்கம்தான் என்பார். "அப்ப பாதியத் தள்ளிட்டு மிச்சத்தப் படி தம்பி" என்பாள். அந்த மிச்சத்தில் அவளுடைய சொந்தச் சரக்கைச் சேர்த்து லயம் லயமாக ஊற்றிக்கொண்டு போவாள்.

வெளிப்படையாக அரசியல் பேசினால் பிடித்துக்கொண்டு போகும் காலம். அதனால் அத்தை மாட்டைப் பற்றித்தான் பேசுவாள். வெள்ளைக்காரன் பழைய மாடு. ஜப்பான்காரன் புது மாடு. "பழைய மாடு நல்லாத்தான் கறந்துச்சு, புலி வந்ததும் கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. புது மாடு திங்கிது, உதைக்குது, மடி மட்டும் காஞ்சு கிடக்கு." கேட்கிறவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள், ஜப்பான்காரன் கைப்பட்டை கொடுத்துத் தலைவனாக்கியிருந்த பக்கிரிசாமி வேலியோரம் நின்று கேட்டுவிட்டான். எந்த மாட்டைச் சொல்கிறீர்கள் என்று விரைப்பாக வந்தான். "ஏன், உனக்குப் பால் வேணுமா? உதை வாங்கிக்கிட்டுக் கறக்கிறதா இருந்தா வா, ஓட்டி விடுறேன்" என்றாள். அவன் கைப்பட்டையைத் தடவிக்கொண்டு போனான்.

கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியதில் அவளுக்குத் தீராத கோபம். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் கெடாவிலும் மணி என்றாகி, பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்துக்கு இருட்டிலேயே போய் நிற்க வேண்டியிருந்தது. "மனுசனுக்குத் தண்டோராப் போட்டுட்டான். மாட்டுக்கு யாரு போடுறது?" என்று அவள் தன் பழைய நேரத்திலேயே கறந்து, தன் பழைய நேரத்திலேயே கொண்டுவந்தாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் காப்பி தாமதமாயிற்று. அதற்கும் அரசாங்கம்தான் பொறுப்பு என்றாள்.

பணத்தைப் பற்றி அவளுக்கு ஒரே கட்சி. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு அப்போது கட்டுக்கட்டாக வர ஆரம்பித்திருந்தது. முதலில் வந்த நோட்டில் நம்பர் இருந்ததாம், பிறகு வந்ததில் எழுத்து மட்டும்தான் என்று பெர்னார்ட் காட்டினார். அன்றைக்கு அத்தை லயத்தைவிட்டு நகரவில்லை. "பிள்ளைக்குப் பேரே வெக்காம பெத்துக்கிட்டே போனா, எத்தினி பெத்தோம்னு பெத்தவளுக்கே தெரியாதுடி. நோட்டுக்கும் அப்பிடித்தான்" என்றாள். எடுத்து வைக்கிற பணம் நாளைக்குக் குப்பை. மூச்சு விடுகிற பொருளில் போடுங்கள் என்றாள். கோழியோ, ஆடோ, கன்றோ, எதுவானாலும் சரி, மூச்சு விட வேண்டும். பிரேமாவதி என்ற பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கேட்டு இரண்டு கோழி வாங்கினாள். ஒன்றை உடும்பு தூக்கிப் போய்விட்டது. மூச்சு விடுவதற்குக் காலும் முளைக்கிறதே அக்கா என்று குத்தலாகக் கேட்டாள். அத்தை அசரவில்லை. கோழி ஒவ்வொன்றாகத்தான் போகும், பெட்டியில் இருப்பது ஒரே நாளில் மொத்தமாகப் போகும் என்று, கங்காணி மனைவி காளியம்மா வீட்டுப் பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். காளியம்மா இரும்புப் பெட்டி நிறைய நோட்டு வைத்திருந்தாள்.

இருளப்பன் மாமா பேசாதவர். அத்தை அரசாங்கத்தை நடத்திக்கொண்டிருக்கும்போது அவர் மாட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். ஒத்துக்கொண்டால் "ம்". ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டுவார். ஒருமுறை மற்ற ஆண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, சண்டை எப்போது முடியும் என்று நீ நினைக்கிறாய் என்று வம்புக்குக் கேட்டார்கள். "எங்க வீட்டுக்குக் கருத்து ஒண்ணு இருக்கு, அது போதும்" என்றார். அதுவரை அவர் பேசியதில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான்.

சயாம் விஷயத்துக்கு வருகிறேன்.

தெற்கே ஜொகூரில் இருந்தவர்களுக்குச் சயாம் என்றால் கண் காணாத நாடு. கெடாக்காரர்களுக்கு அப்படியில்லை. நாங்கள் தின்ற அரிசி சயாமிலிருந்து வந்தது. புகையிலை அங்கிருந்து வந்தது. மாட்டுத் தரகர்கள் எல்லையோரச் சங்லூன் வழியாக மாடுகளை ஓட்டிவருவார்கள். அத்தை தண்டட்டியை விற்று வாங்கியதும் சயாம் பசுதான். அந்தப் பசுவின் பேத்திதான் செவலை. சயாம் என்று யாராவது சொன்னால் அத்தை கண்ணுக்கு முன்னால் வருவது பச்சைப் புல்லும், மணி கட்டிய மாட்டுக்கூட்டமும், அரிசி மூட்டையும்தான். அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

வைகாசியில் பிரட்டுக் களத்தில் கிராணி ஒரு உத்தரவைப் படித்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதம், சாப்பாடு, துணி, தினக்கூலி எல்லாம் உண்டு. போகிறவர்களின் பெயரும் எழுதியாகிவிட்டது. மறுநாள் அத்தை கிராணி வீட்டுக்குப் பால் கொண்டு போனபோது அவர் மனைவி மெல்ல ஒரு சேதி சொன்னாள். இருளப்பன் பெயரும் இருக்கிறது. செவலையைக் கொண்டுவந்து தங்கள் கொட்டிலில் கட்டினால் அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

மற்றவளாக இருந்தால் இரவோடு இரவாக மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள், அல்லது புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். அத்தை லயத்து வாசலுக்கு வந்து, செம்பை இறக்கி, காலை முன்னால் வைத்து, அதை எல்லோர் முன்னிலையிலும் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் என்பது ஒரு கன்றுக்குப் பால் மறக்கடிக்கிற காலம். அதற்கு ஒரு கறவை மாட்டையே கொடுப்பதா? இப்படி ஒருவருக்குக் கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு மாடு கேட்பார்கள். இல்லாதவன் எதைக் கொடுப்பான்? பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. பிரேமாவதி மட்டும் அவள் கையைப் பிடித்து, கொடுத்துத் தொலையுங்கள் அக்கா என்றாள்.

"போன மனுசன் திரும்பி வருவாருடி. குடுத்த மாடு திரும்பி வருமா?" என்றாள் அத்தை.

அதைச் சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தாள். அவர் செவலையின் கழுத்தடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். அவள் அவரைக் கருத்துக் கேட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். மாமா தலைத்துண்டை அவிழ்த்தார். உதறினார். மறுபடி கட்டவில்லை, தோளில் போட்டுக்கொண்டார்.

"அங்கன நல்ல கிடேரியா இருந்தா பாத்து வெக்கிறேன்" என்றார்.

எங்கள் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றி சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மாமாவின் சித்தி மகன் சின்னையாவும் அதே லாரியில். மாமாவுக்குத் தம்பி, அத்தையை மதினி என்பவன். இத்தனை பேரை நிற்க வைத்து ஏற்றுவது என்ன ஒழுங்கு என்று அத்தை லாரிக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில், லாரி கிளம்பியபோது மாமா முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. புழுதியைத்தான் பார்த்தாள்.

ஆவணி வந்தது, போயிற்று. ஒருவரும் வரவில்லை. சேதியும் இல்லை. அத்தையிடம் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் காரணம் இருந்தது. அங்கே மழை அதிகம். ரயில் என்ன மரவள்ளியா, நட்டதும் முளைக்க? வேலை முடியாமல் ஆளை விட்டால் எந்த முதலாளிக்குக் கட்டும்? கேட்கிறவர்கள் சரி சரி என்றார்கள். புருஷனை அனுப்பியிருந்த பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் வாங்காதவர்கள்கூட வந்து நின்றார்கள். ஆனால் ஒன்று நடந்தது. அதை அவள் யாரிடமும் பேசவில்லை. செவலையின் பாலை மட்டும் தனியாகக் கறந்தாள். அதை விற்கவில்லை. சயாம் போனவர்களின் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டு வாசல்களில் மட்டும் கால் முன்னால் வராது.

அந்த வருடத் தீபாவளிக்குச் சற்று முன்புதான் கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்தான். நண்பனுக்குச் சுருட்டு நீட்டுவது போல ஒரு நாட்டை எடுத்து நீட்டிவிட்டான். பாடாங் செராயில் சயாம் கொடி ஏறியது. கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் முகம் தொங்கிப் போயிற்று. அவர்கள் சுல்தான் நாடு. தோட்டத்தில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. எந்தக் கொடி பறந்தாலும் மரவள்ளிதானே. அத்தை மட்டும் பசாரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். செம்பில் பாதிப் பால் வழியில் சிந்தியிருந்தது. மூச்சு வாங்கவே நேரமெடுத்தது.

"நாம சயாமுக்குப் போயிட்டோம்டி" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் புரிய வைத்தாள். சயாம் போனவர்கள் இதுவரை வெளிநாட்டில் இருந்தார்கள். இன்றைக்குக் கெடாவே சயாமாகிவிட்டது. அப்படியானால் நடுவில் எல்லை எங்கே? எல்லை இல்லை. கோலா மூடாக்காரன் மீன் விற்க அலோர் ஸ்டாருக்குப் போனால் வீட்டுக்குத் திரும்பி வருவதில்லையா? ஒரே நாட்டுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம். ஒரே அரசாங்கம், ஒரே உத்தரவு. "எங்க வீட்டு மனுசன் இப்ப வெளிநாட்டுல இல்ல. நம்ம நாட்டுலதான், வேற தோட்டத்துல வேல பாக்கிறாரு. அம்புட்டுத்தான்."

பக்கிரிசாமி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அப்படியென்றால் நானும் சயாம்காரனா என்று சிரித்தான். எந்தக் கொடி பறந்தாலும் அதற்குக் கீழே போய் நிற்கிறவன்தானே, உனக்கென்ன கவலை என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். புருஷனை அனுப்பியிருந்த பெண்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு எண்ணெய் கிடையாது, மாவு கிடையாது. ஆனால் அவர்கள் விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேலியில் பூத்த செம்பருத்தியைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். அத்தை சொன்னது அப்படி வேலை செய்திருந்தது. நானும்தான் நம்பினேன்.

தீபாவளி கழிந்து மழை விட்ட ஒரு நாள், அத்தை செவலையை அவிழ்த்துக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கு நடந்தாள். சயாம் அதிகாரி ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்திருப்பதாகப் பெர்னார்ட் சொல்லியிருந்தார். துணைக்குப் பிரேமாவதி போனாள். நடந்ததெல்லாம் அவள் வந்து சொன்னதுதான். ஆபீஸ் வாசலில் காவலாளி மாட்டை உள்ளே விடவில்லை. பிரேமாவதி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். அத்தைக்குத் தெரிந்த மலாய், அதைச் சயாம் பேச்சாக மாற்ற ஒரு மலாய்க் குமாஸ்தா. அதிகாரி நாற்காலி போடச் சொன்னாராம். அத்தை வாழ்நாளில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

"துவான், என் புருசன் உங்க நாட்டுல இருக்காரு. இப்ப நானும் உங்க நாட்டுலதான் இருக்கேன். நடுவுல யாரு நிக்கிறா?" என்று கேட்டிருக்கிறாள்.

குமாஸ்தா அதை மாற்றிச் சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டாராம். அதிகாரி மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். நிலம்தான் எங்களுடையது, ரயில் ஜப்பான்காரனுடையது. அந்தக் காட்டுக்குள் எங்கள் ஆளே அவன் உத்தரவில்லாமல் போக முடியாது. அத்தை ஜன்னலைக் காட்டி, அந்த மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் எழுந்து நின்று, கறவை மாடு, சயாம் இனம், நல்ல மாடு என்றாள். அவர் மறுபடி கையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது மூடா ஆற்றுப் பாலத்தருகே உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல மனுஷன், பாவம், மாட்டைக்கூட வாங்கவில்லையே அக்கா என்று பிரேமாவதி ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாள்.

"அதிகாரம் இருக்கிறவன் நிக்க வெச்சுப் பேசுவான். இவன் நாக்காலி போட்டான். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாளாம் அத்தை. பிறகு, "மாட்ட வாங்கியிருந்தான்னா ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்" என்று சொல்லி, அவள் அழுததைப் பிரேமாவதி பார்த்திருக்கிறாள். நாங்கள் பார்த்ததில்லை.

லயத்தில் வந்து அவள் சொன்னது வேறு. அதிகாரி குறித்துக்கொண்டிருக்கிறார், சயாம்காரனுக்கு மனசு இருக்கிறது, கொஞ்சம் பலம் வரவேண்டும் என்றாள். நாடு ஒன்றாக இருக்கும்வரை பயமில்லை என்றாள். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னாள். அரிசி போய், மரவள்ளி மட்டுமாகி, அதுவும் நாராகி, துணிக்குப் பதில் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த அந்த வருடத்திலும், சயாம் போனவர்களின் பெண்களுக்கு அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை தேவைப்பட்டது. நாடு ஒன்றுதானே அக்கா என்பார்கள். "ஒண்ணுதான், ஒண்ணுதான்" என்பாள்.

பிறகு ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்து, வாழைமர நோட்டு செல்லாது என்றான். காளியம்மாவின் பெட்டியிலிருந்ததைப் பிள்ளைகள் பட்டம் விட எடுத்துக்கொண்டார்கள். காளியம்மா அத்தை வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அத்தை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கூடையிலிருந்து ஒரு பெட்டைக்கோழியைப் பிடித்து அவள் மடியில் வைத்தாள். மற்றவர்களும் வந்து, அத்தை வாக்கு பலித்துவிட்டது என்று புகழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

பாடாங் செராயில் பழைய கொடி ஏறியபோது தோட்டமே போய்ப் பார்த்தது. சீனர் கடையில் பட்டாசு வெடித்தார்கள். அத்தை போகவில்லை. நான் கூப்பிடப் போனேன். கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ போ ஆத்தா. எல்லாருக்கும் நாடு திரும்பி வந்துருச்சு. எல்லையத் திருப்பிப் போட்டுட்டான் பாத்தியா? அவரு மறுபடி வெளிநாட்டுக்காரரு ஆயிட்டாரு" என்றாள்.

நானும் கொடி பார்க்கப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சயாமிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து போன லாரி ஆட்களில் முதலில் வந்தவன் சின்னையா. நேரே லயத்துக்கு வரவில்லை. கூலிம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், காலில் எலும்பு தெரிகிற புண் என்று பெர்னார்ட் சொன்னார். அத்தை பார்க்கப் போவாள் என்று நினைத்தோம். போகவில்லை. தனக்குத் தெரியவேண்டியது இருந்தால் அவனே வருவான் என்றாள். அவனும் எழுந்து நடக்க முடிந்த பிறகு உடனே வரவில்லை. முதல் லயத்தில் யார் வீட்டிலோ தங்கிக்கொண்டு, எங்கள் லயத்துப் பக்கம் திரும்பாமல் இருந்தான். அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு மத்தியானம் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். அத்தை வாசலில் புல் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் பிரேமாவதியும் ஓடிப் போனோம். சயாம் போனவர்களின் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சற்றுத் தள்ளி நின்றார்கள். அத்தை என்ன சொல்லப் போகிறாள் என்பதுதான் அப்போதும் அவர்களுக்குத் தெரியவேண்டும். சின்னையா வாசலுக்கு வெளியே நின்றான்.

"மதினி, அண்ணன் வரமாட்டாரு" என்றான்.

அத்தை அரிவாளைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று பிரேமாவதி தோளைப் பிடிக்கப் போனாள். அத்தை அவள் கையை மெல்ல விலக்கினாள்.

"எப்ப?"

"ஆடியில. வாந்தி பேதி. ஒரு பகல்தான் இருந்தாரு. பதினெட்டாம் பெருக்கு வரப்போகுதேடான்னு முதல் நாளுகூடச் சொல்லிட்டிருந்தாரு."

"எந்த வருசத்து ஆடி?"

"நாங்க போன வருசத்துலயே, மதினி. அந்த ஆடிதான். போயி மூணு மாசம்கூட ஆகல."

அவள் விரல்கணுவில் கட்டை விரலை வைத்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று அவள் உதடு அசைந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஐப்பசியில் நின்றது.

"அப்பக் கொடி மாறல" என்றாள்.

விரலை மடக்கிக்கொண்டாள்.

"அப்ப வெளிநாட்டுலதான் செத்திருக்காரு."

பின்னால் நின்ற ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. சின்னையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எடுத்துப் போட்டது என்று கேட்டாள். கூட இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், மூங்கில் காட்டோரம் கொண்டுபோனோம், அவர்கள் இரண்டு பேரும் பிறகு அங்கேயே செத்துப் போய்விட்டார்கள் என்றான். மண் தள்ளியது நான்தான் மதினி என்றான். அதைச் சொல்லும்போது அவன் தலை நிமிரவில்லை.

அத்தை உள்ளே போனாள். நாங்கள் அழுகைச் சத்தம் வரும் என்று நின்றோம். வரவில்லை. சின்னையா அதற்கு மேல் நிற்க முடியாமல் கம்பை ஊன்றிப் படியில் ஏறக் காலைத் தூக்கினான்.

"இரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்தாள். புதைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களை எப்படி வாசலில் நிறுத்துவோமோ அப்படி அவனை நிறுத்தி, குனிந்து, அவன் பாதத்திலும் புண் ஆறாத கணுக்காலிலும் தண்ணீரை ஊற்றினாள்.